நாற்பதுக்குள் நாற்காலி

2017 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி ஷான் மெக்வேயைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியது. அப்போது அவருக்கு வயது 30. அதே ஆண்டு அணியில் சேர்ந்த ஆண்ட்ரூ விட்வர்த் என்ற ஆட்டக்காரர் அவரைவிட நான்கு வயது மூத்தவர். ஐந்தே ஆண்டில் மெக்வே இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றார். அவர் வந்ததிலிருந்தே அமெரிக்கக் கால்பந்தின் அணி முதலாளிகள் அடுத்த மெக்வே எங்கே என்று தேடிக்கொண்டே இருக்கிறார்கள். மெக்வேயோடு ஒருமுறை காபி குடித்தவருக்கும் வேலை நிச்சயம் என்று ஒரு கேலிகூட உலவியது.

கேலி ஒருபுறம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். என்.எஃப்.எல். என்ற இந்த லீகில் 32 அணிகள், எனவே 32 தலைமை நாற்காலிகள். ஒவ்வொரு அணியிலும் ஏறக்குறைய இருபது உதவிப் பயிற்சியாளர்களாவது இருக்கிறார்கள். ஆண்டுக்குச் சில நாற்காலிகளே காலியாகும். ஆட்ட அறிவு இங்கே எல்லாரிடமும் இருக்கிறது. இளம் உதவியாளர் ஒருவர் மேலே வருவாரா என்று கணிக்க நான் இரண்டு கேள்விகள்தான் கேட்பேன். யாருடைய அறையில் உட்கார்ந்திருக்கிறார்? அந்த அறையில் எந்த முடிவு அவருடையது?

அடிப்படி

ஏணியின் முதல் படிக்குக் ‘குவாலிட்டி கன்ட்ரோல்’ என்று பெயர். பெயர்தான் கம்பீரம். எதிரணியின் ஆட்டப் பதிவுகளை ஒவ்வொரு ஆட்டமாகப் பிரித்துக் குறிப்பெடுப்பது, மறுநாள் பயிற்சிக்கு வேண்டிய அட்டைகளை வரைவது, விடிவதற்குள் அவற்றை மேலதிகாரி மேசையில் வைப்பது, இவைதான் வேலை. புகழ்பெற்ற பயிற்சியாளர் பில் பெலிசிக் 1975-இல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியில் வாரம் 25 டாலருக்கு இதே மாதிரி வேலையில்தான் தொடங்கினார். மைக் மெக்டொனால்ட் கல்லூரி அளவில்கூட ஆடியதில்லை. 2014-இல் பால்டிமோர் ரேவன்ஸில் இன்டர்னாகச் சேர்ந்தார். 2024-இல் 36 வயதில் சியாட்டில் சீஹாக்ஸின் தலைமைப் பயிற்சியாளர்.

ஆடிய அனுபவம் இருந்தால் நல்லதுதான். கெல்லன் மூர் டல்லஸில் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்காக இருந்து, ஓய்வு பெற்ற கையோடு அதே அணியில் பயிற்சியாளராகி, அடுத்த ஆண்டே தாக்குதல் ஒருங்கிணைப்பாளர், அதாவது அந்தப் பக்கம் முழுவதற்கும் பொறுப்பாளர், ஆனார். ஆனால் அடிப்படியில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. எதிரணி என்ன செய்யும் என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். கூட்டத்தில் தலைமைப் பயிற்சியாளர் ‘மூன்றாம் முயற்சியில் (டவுன்) இவர்கள் என்ன ஆடுகிறார்கள்?’ என்று கேட்கும்போது, தாளைப் புரட்டாமல் பதில் சொல்பவரின் பெயர் அவருக்கு நினைவில் நிற்கும்.

ஒரு படி கீழே இறங்க நேர்ந்தாலும் கலங்க வேண்டாம். மியாமியில் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களின் பயிற்சியாளராக இருந்த பென் ஜான்சன், 2019-இல் டெட்ராய்ட்டில் குவாலிட்டி கன்ட்ரோல் வேலையை ஏற்றார். மூன்றே ஆண்டில் அங்கே ஒருங்கிணைப்பாளர் ஆனார்.

வெற்றிப் பட்டியலைப் பார்க்காதீர்கள்

2013-இல் வாஷிங்டன் அணி 3 ஆட்டங்களில் வென்றது, 13-இல் தோற்றது. சீசன் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் மைக் ஷானஹனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியிலிருந்து பார்த்தவருக்கு அது ஒரு தோற்றுப்போன கூடாரம். ஆனால் உள்ளே யார் யார் இருந்தார்கள்? அவருடைய மகன் கைல் ஷானஹன், ஷான் மெக்வே, மேட் லஃப்ளோர், மைக் மெக்டேனியல், ரஹீம் மாரிஸ். மாரிஸ் ஏற்கெனவே டாம்பாவில் தலைமை வகித்துப் பதவி இழந்து வந்தவர். மற்ற நால்வரும் பிறகு தலைமைப் பயிற்சியாளர்கள் ஆனார்கள். மாரிஸும் 2024-இல் அட்லாண்டாவில் மறுபடி அந்த நாற்காலிக்கு வந்தார்.

வேலை தேடும்போது பலர் அணியின் வெற்றி தோல்வியைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் மேலதிகாரி கற்றுக்கொடுக்கிற ஆளா என்பதைப் பாருங்கள். ஒரு திட்டம் ஏன் அப்படி இருக்கிறது என்று கீழே இருப்பவருக்கு விளக்குகிறவரா, அல்லது வரைந்து கொடுத்துவிட்டுப் போகிறவரா? முதல் வகையாருடைய ஆட்கள்தான் பிறகு வெளியே போய்த் தனியாகக் கடை போடுகிறார்கள். ஒருங்கிணைப்பாளர் ஆகும் வாய்ப்பு வெளியே வந்தால், பழைய அணி அந்த நேர்காணலைத் தடுக்க முடியாதபடி 2020-இல் விதி மாறியிருப்பது உங்களுக்குக் கூடுதல் பலம்.

இதில் ரத்த உறவின் பங்கை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. கைலுக்கு அப்பா. மெக்வேயின் தாத்தா ஜான் மெக்வே சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் நிர்வாகி. இந்தச் சொந்தக்காரக் கதவுக்கு வெளியே நிற்கும் சிறுபான்மைப் பயிற்சியாளர்களுக்காகத்தான் 1987-இல் பில் வால்ஷ் பெயரிலான பயிற்சித் திட்டம் வந்தது. தலைமைப் பயிற்சியாளராக உயர்ந்த மைக் டாம்லின் அந்த வழியாக வந்தவர். 2003-இல் வந்த ரூனி விதி, தலைமைப் பதவிக்குச் சிறுபான்மை வேட்பாளர்களை நேர்காணல் செய்வதைக் கட்டாயமாக்கியது. பெண்களுக்குப் பாதை இன்னும் புதிது. முழுநேர உதவிப் பயிற்சியாளரான முதல் பெண், 2016-இல் பஃபலோவில் சேர்ந்த கேத்ரின் ஸ்மித். அவர் உட்கார்ந்ததும் குவாலிட்டி கன்ட்ரோல் நாற்காலியில்தான்.

ஆட்டத்தைச் சொல்கிறவர் யார்?

கிரிக்கெட்டில் அடுத்த பந்துக்குக் களத்தை அமைப்பது கேப்டன். இங்கே பந்து ஒவ்வொரு முறை ஆடப்படும் முன்பும் என்ன ஆடுவது என்று பயிற்சியாளர் ரேடியோவில் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் சொல்கிறார். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது ரேடியோ அறுந்துவிடும். அதற்குள் முடிவெடுக்க வேண்டும். இதுதான் பிளே காலிங், ‘ஆட்டம் சொல்வது’. ஒருங்கிணைப்பாளர் என்று பட்டம் இருக்கும், ஆட்டம் சொல்வது தலைமைப் பயிற்சியாளராக இருக்கும். பட்டத்துக்கும் அதிகாரத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் பலருடைய வளர்ச்சி நின்றுபோகிறது.

லஃப்ளோர் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார். 2017-இல் ராம்ஸில் ஒருங்கிணைப்பாளர், ஆனால் ஆட்டம் சொன்னது மெக்வே. மறு ஆண்டு அதே பட்டத்துக்கு டென்னசி டைட்டன்ஸுக்குப் போனார். புகழில் அது ஏற்றமே இல்லை. ஆனால் அங்கே ஆட்டம் சொல்வது அவர் வேலை. 2019-இல் கிரீன் பே பேக்கர்ஸ் அவரைத் தலைமைக்கு அழைத்தது. அதே கிரீன் பேயில் அவருக்குக் கீழே ஆட்டம் சொல்லாத ஒருங்கிணைப்பாளராக இருந்த நத்தேனியல் ஹேக்கட், 2022-இல் டென்வரின் தலைமைக்கு நேராகப் போனார். 15 ஆட்டங்களிலேயே பதவி போயிற்று.

விதிவிலக்கு உண்டு. கெவின் ஓ'கானலும் மெக்வேயின் கீழ் ஆட்டம் சொன்னவர் அல்லர். மினசோட்டாவில் முதல் சீசனிலேயே 13 ஆட்டங்களில் வென்றார். ஆகவே கல்லில் செதுக்கிய விதி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இரண்டு வாய்ப்பு ஒரே நேரத்தில் வந்தால், பெரிய அணியின் வெறும் பட்டத்தைவிடச் சிறிய அணியின் ரேடியோவைத் தேர்ந்தெடுங்கள். 2025-இல் சிகாகோ 28 வயது டெக்லன் டாயிலைத் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக எடுத்தது. ஜாக்சன்வில் 29 வயது கிராண்ட் உடின்ஸ்கியை எடுத்தது. இரண்டு இடங்களிலும் ஆட்டம் சொல்ல வந்தவர் தலைமைப் பயிற்சியாளர்தான். இப்படிப்பட்டவர்களின் வளர்ச்சியைக் கணிக்க, தலைப்புச் செய்தியில் வரும் வயதை விட்டுவிட்டு, ரேடியோ எப்போது கைக்கு வருகிறது என்று பாருங்கள்.

தாக்குதல் பக்கம் உள்ளவர்களுக்கே மவுசு அதிகம், அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. இளம் குவார்ட்டர்பேக்கைத் தேற்றிய ஒருங்கிணைப்பாளரை வேறு அணி தலைமைக்கு அழைத்துக்கொண்டு போய்விடும், பையன் மறுபடி புது மொழி கற்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளரே ஆட்டம் சொன்னால் அந்தக் கவலை இல்லை. தற்காப்புப் பக்கம் இருப்பவர், நேர்காணலுக்குப் போகும்போதே தம்மோடு வரச் சம்மதித்த தாக்குதல் ஒருங்கிணைப்பாளரின் பெயரைச் சொல்ல முடிய வேண்டும். மறுபக்கத்தாருக்கும் இது பொருந்தும். மெக்வே தற்காப்புக்கு அழைத்து வந்தது 69 வயது வேட் பிலிப்ஸை.

எப்போது மறுப்பது?

அழைப்பு ஜனவரியில் வரும், உங்கள் அணி பிளேஆஃபில் ஆடிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து. கெல்லன் மூர் 2025-இல் ஃபிலடெல்ஃபியாவோடு சூப்பர் பௌல் வென்ற இரண்டாம் நாள்தான் நியூ ஆர்லியன்ஸின் தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். அதுவரை நாற்காலி காத்திருந்தது. ஆகவே அவசரப்பட வேண்டியதில்லை. பென் ஜான்சன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் தலைமைப் போட்டியிலிருந்து தாமே விலகி டெட்ராய்ட்டில் தங்கினார். 2025-இல் சிகாகோவை ஏற்றபோது, முந்தைய ஆண்டு முதல் தேர்வாக எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் அங்கே இருந்தார்.

அவசரப்பட்டவர்கள் கதை வேறு. லேன் கிஃபின் 31 வயதில் ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்குப் போய் 20 ஆட்டங்களில் 5 மட்டும் வென்று வெளியேறினார். ஜாஷ் மெக்டேனியல்ஸ் 32 வயதில் டென்வரை ஏற்றார். இரண்டாம் சீசன் முடிவதற்குள் வேலை போனது. அடுத்த தலைமைப் பதவியில் உட்கார அவருக்கு 2022 வரை ஆனது. உதவியாளராக இருக்கும்போது ஒரு பக்கத்தைக் கவனித்தால் போதும். தலைமை என்றால் 53 ஆட்டக்காரர்கள், முதலாளி, செய்தியாளர் சந்திப்பு, மருத்துவ அறை எல்லாம் ஒருவர் தலையில்.

தலைமைப் பயிற்சியாளர் போனால் அவர் கூட்டிவந்த உதவியாளர்களும் பெரும்பாலும் சேர்ந்தே போவார்கள். ஜனவரியில் வீடு மாற்றுவதும் பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளி தேடுவதும் இந்தத் தொழிலின் வழக்கம். வேலை போன பிறகு என்ன செய்வது என்பதற்கு ரஹீம் மாரிஸைப் பார்க்கலாம். 32 வயதில் டாம்பாவின் தலைமைக்கு வந்து மூன்று சீசனில் பதவி இழந்தார். பிறகு வாஷிங்டனில் தற்காப்பு உதவியாளர். அட்லாண்டாவுக்குப் போனதும், தொழில் முழுக்கத் தற்காப்பில் கழித்தவர், 2016-இல் எதிர்ப் பக்கம் தாவி ரிசீவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தற்காப்பை உடைப்பது எப்படி என்று அங்கே பார்த்தவர், ராம்ஸின் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராகி 2022 பிப்ரவரியில் சூப்பர் பௌல் வென்றார்.