மதிப்பெண் போட யாரைக் கூப்பிடுவது?

செயற்கைக் கால் செய்யும் ஒரு சிறு பட்டறை, புது மாதிரி ஒன்றை உருவாக்க மானியம் கேட்டு விண்ணப்பிக்கிறது. அந்தத் திட்ட அறிக்கையைப் படித்து மதிப்பெண் போட யாரைக் கூப்பிடுவது? உடனே நினைவுக்கு வருகிறவர்கள் பேராசிரியர்கள். அவர்கள் வேண்டும்தான். ஆனால் அவர்கள் மட்டுமே உட்கார்ந்த மேசையில், மழைத்தண்ணீரில் நனைந்தால் இந்தக் கால் என்ன ஆகும், தரையில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் குதிகால் உயரம் மாறி உடம்பு பின்னால் சாயுமே, அதற்கு என்ன வழி என்ற கேள்விகள் எழுவதேயில்லை.

ஆவடியில் இருந்துகொண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை உருவாக்கும் சிறு நிறுவனங்களுக்குப் பணம் தரும் ஒரு குழுவுக்கு மதிப்பீட்டாளர்களைத் தேடித் தருகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக, நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு அரசே பணம் ஒதுக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 1982-இல் சட்டமானது. நம் நாட்டில் உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-இல் எஸ்.பி.ஐ.ஆர்.ஐ. திட்டத்தைத் தொடங்கியது. அதே துறையின் கீழ் 2012-இல் அமைந்த பைராக் நிறுவனம், 'பிக்' என்ற மானியத்தில் 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'டைட்' திட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் என்றே ஏற்பட்டது. சென்னையில் திறமைக்கும் குறைவில்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸில் மறுவாழ்வுக் கருவிகளை உருவாக்கும் ஆர்2டி2 மையத்திலிருந்து 2019-இல் எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' சக்கர நாற்காலியும், 2021-இல் சக்கர நாற்காலியோடு இணைத்து ஓட்டும் 'நியோபோல்ட்' வண்டியும், 2022-இல் 'கதம்' செயற்கை முழங்கால் மூட்டும் வந்தன. எந்த யோசனை இப்படிக் கடைக்கு வரும், எது படத்தோடு நின்றுவிடும் என்று பிரித்துச் சொல்லும் கண்கள்தான் கிடைப்பது அரிது.

அந்தக் கண்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன.

முதலாவது, மறுவாழ்வுத் தொழில் தெரிந்தவர்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. செயற்கை அவயவம், கேலிப்பர் செய்கிறவர்கள், காது கேட்கும் திறன் பார்ப்பவர்கள், சிறப்பு ஆசிரியர்கள் ஆகியோரை அதில் தேடலாம். பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி படித்தவர்களை அவரவர் சங்கங்களின் மூலம் தேட வேண்டும். பதவியைப் பார்த்து அழைப்பதைவிட, தினமும் நோயாளியின் காலில் சாக்கெட் மாட்டிப் பார்க்கிறவரை அழைப்பது எனக்குப் பலமுறை பலன் தந்திருக்கிறது.

இரண்டாவது, எங்கள் ஊருக்கே உரிய செல்வம். டேங்க் ஃபாக்டரி என்று நாங்கள் சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலை 1960-களிலிருந்து ஆவடியில் இருக்கிறது. அங்கே தர ஆய்விலும் டூல் ரூமிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது முப்பது வருடம் ஜாப் ஒர்க் எடுத்து யூனிட் நடத்தியவர்களும் உண்டு. 'ஊனம் பற்றி எனக்கு என்ன தெரியும்?' என்று இவர்கள் தயங்குவார்கள். அது தெரிந்தவர்கள் குழுவில் வேறு சிலர் இருக்கிறார்கள், வரைபடத்தைப் பார்த்து வெல்டு எந்த இடத்தில் விடும் என்று நீங்கள் சொன்னால் போதும் என்பேன். செயற்கைக் காலுக்கான ஐ.எஸ்.ஓ. 10328 சோதனையில் 30 லட்சம் முறை அழுத்தி எடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் 'உறுதியானது' என்று ஒரே வார்த்தையில் எழுதியிருந்தால், அந்தச் சோதனைக்கான ஃபிக்சரும் செலவும் எங்கே என்று முதலில் கேட்பவர்கள் இவர்கள்தான். மாதம் ஐம்பது உருப்படி போடும் யூனிட்டுக்கு அச்சு வார்க்கும் செலவு கட்டுமா என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

மூன்றாவது, அந்தக் கருவியோடு வாழ்கிறவர்கள். இவர்கள் இல்லாத குழுவை நான் அமைப்பதில்லை. அமெரிக்காவின் ஊனமுற்றோர் ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனமும் தன் மதிப்பீட்டுக் குழுக்களில் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்கிறது. திருமுல்லைவாயலில் கேலிப்பர் போட்டு நடக்கும் ஓர் அம்மாவைக் கேட்டபோது, "நான் பத்தாவதுதான் தம்பி, நான் போய் மார்க் போடறதா?" என்றார். கருவி எப்படிப் பழுதாகும், எங்கே ரிப்பேர் பண்ணுவீர்கள் என்ற இரண்டு பகுதிகளை மட்டும் படித்துச் சொல்லுங்கள் என்றேன். பக்கிள் துருப்பிடிப்பது பற்றியும், புடவை கொக்கியில் மாட்டுவது பற்றியும் அவர் சொன்னதைக் கேட்டு, குழுவிலிருந்த பொறியாளர் தன் மதிப்பெண்ணைத் திருத்திக்கொண்டார். ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பேராசிரியருக்கு என்ன மதிப்பூதியமோ அதே தொகை, அதே வாக்கு. 'கருத்து மட்டும் கேட்டுக்கொள்வோம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்று வாதாடுவேன். பெட்டிக்கடை வைத்திருக்கிறவர் ஒரு நாள் கடையை மூடிவிட்டு வருகிறார். அந்த நாளுக்குக் கணக்கு உண்டு.

ஆள் கிடைத்த பிறகும், அவர் சரி என்று சொல்வது நாம் கேட்கும் விதத்தைப் பொறுத்தது. பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசுப் பள்ளியும் தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருப்பதால், படித்த, கூர்மையான பார்வையற்ற மதிப்பீட்டாளர்கள் இந்தப் பக்கம் கிடைப்பார்கள். ஆனால் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை அனுப்பினால் அவர்களின் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ் ஆவணமும் அப்படித்தான், எழுத்துகள் குழம்பிப்போய் ஒரு வரிகூடப் புரியாது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. ஆகவே அறிக்கைகளை யூனிகோடில் வாங்குங்கள், வரைபடம் ஒவ்வொன்றுக்கும் நாலு வரி விளக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். இதை விண்ணப்பப் படிவத்திலேயே நிபந்தனையாக வைப்பது நல்லது. விளக்கம் எழுதத் தெரியாத நிறுவனத்துக்குத் தன் கருவியே முழுதாகத் தெரியவில்லை என்பதும் அப்போது வெளிப்படும்.

காது கேளாதவர் குழுவில் இருந்தால் சைகை மொழிபெயர்ப்பாளர் இருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். நீண்ட கூட்டத்தில் ஒருவரால் கை ஓயாமல் செய்ய முடியாது. கூட்டத்தைத் தரைத்தளத்தில், சாய்தளமும் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும் உள்ள இடத்தில் வையுங்கள். மின்சார ரயிலில் ஏறி வாருங்கள் என்று சக்கர நாற்காலிக்காரரிடம் சொல்லக் கூடாது, வண்டிச் செலவு உங்களுடையது.

நலன் முரண் பற்றிக் கொஞ்சம் கறாராகவே இருக்க வேண்டும். இது சின்ன உலகம். ஒருவரிடம் படித்தவர்தான் இன்னொருவருக்கு ஆலோசகராக இருப்பார். அழைப்புக் கடிதத்தோடு விண்ணப்பதாரர் பட்டியலை மட்டும் முதலில் அனுப்பி, உறவு, சம்பளம், பங்கு, சேர்ந்து எழுதிய கட்டுரை எதுவாக இருந்தாலும் எழுதித் தரச் சொல்லுங்கள். அதன் பிறகே அறிக்கையைக் கொடுங்கள். எஸ்டேட்டில் அதே பொருளைச் செய்கிற போட்டியாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம். இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தை எளிய தமிழில் ஒரு பக்கமாக எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டால், முழு விவரத்தைத் தர 12 மாத அவகாசம் உண்டு என்று நிறுவனங்களுக்கும் சொல்லி வையுங்கள். காப்புரிமை அலுவலகம் கிண்டியில்தான் இருக்கிறது.

தேதி விஷயத்தில் மார்ச் மாதம் ஆகாது. கல்லூரிக்காரர்களுக்குத் தேர்வு, யூனிட்காரர்களுக்குக் கணக்கு முடிப்பு. ஒருவருக்கு நாலைந்து அறிக்கைக்கு மேல் தந்தால் கடைசி அறிக்கைக்கு நியாயம் கிடைக்காது. மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் போனில் பேசுங்கள், பெரியவர்களாக இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள். முடிவு வந்ததும், எந்த யோசனைக்குப் பணம் போனது, அவர்கள் சொன்ன எந்தத் திருத்தம் ஏற்கப்பட்டது என்பதை எழுதி அனுப்புங்கள். அடுத்த சுற்றுக்குக் கேட்கும்போது அந்தக் கடிதம் பேசும்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைக் குழுவில் சேர்ப்பது இன்னும் பாக்கி இருக்கிறது. அவர்களுக்கான கருவிகளுக்கும் விண்ணப்பங்கள் வருகின்றன, மதிப்பெண் போடுவது இன்றுவரை பெற்றோர்தான். படங்களோடு, குட்டிக் குட்டி வாக்கியங்களில் ஓர் அறிக்கைச் சுருக்கம் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். கருவியை அவர்கள் கையிலேயே கொடுத்து, ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கேட்கலாம் என்று ஒரு சிறப்பு ஆசிரியை யோசனை சொல்லியிருக்கிறார். அடுத்த சுற்றில் அப்படித்தான் தொடங்கப் போகிறோம்.