நாய்க்குட்டி ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை?

மெர்போக் ஆறு கடலில் கலக்கும் தஞ்சோங் டாவாயில் நெத்திலியும் கருவாடும் பெலாச்சானும்தான் பேர்போன சரக்கு. அங்குப் போய் வந்தவர் வீட்டுப் பையில் கருவாடு இருந்தால், முதலில் கண்டுபிடிப்பது வீட்டிலுள்ள நாய்க்குட்டியாகத்தான் இருக்கும். பையைக் கிழிக்கும், பாதியைத் தின்னும், மீதியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கும். வீட்டுக்காரர் கத்துவார். மறுநாளும் அதே கதை நடக்கும்.

மனித மூக்கில் வாசனையை உணரும் செல்கள் சுமார் 5 மில்லியன். நாயின் மூக்கில் 200 மில்லியனுக்கும் மேல். கருவாட்டுப் பை அதற்கு ஒரு திறந்த கடை. குட்டிக்கு நம்மைச் சீண்டும் எண்ணம் கிடையாது. அதன் மூக்கும் பல்லும் மூளையும் வளர்கின்றன, அவ்வளவுதான். அந்த வளர்ச்சி நேர்கோட்டில் போவதில்லை. ஏறும், சறுக்கும், மீண்டும் ஏறும். சறுக்கும் நாளில்தான் பலர் மனம் வெறுத்து, குட்டியை நாளெல்லாம் கட்டிப் போடுகிறார்கள். தோட்டத்து ஓரத்திலோ சந்தைப் பக்கத்திலோ இறக்கி விட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்தச் சறுக்கல்கள் எப்போது வரும், ஏன் வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் இந்த நிலை வராது.

14 வாரக் கதவு

அமெரிக்காவின் பார் ஹார்பர் நகரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் ஆகியோர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். இன்றைய நாய்ப் பயிற்சிக்கு அடித்தளம் அதுதான். அதே ஆய்வகத்தைச் சேர்ந்த பிரீட்மேன், கிங், எலியட் மூவரும் 1961இல் ஒரு சோதனையின் முடிவை அறிவித்தார்கள். வேலியிட்ட வெளியில் மனிதர் வாடையே படாமல் குட்டிகள் வளர்க்கப்பட்டன. வெவ்வேறு வயதில் ஒவ்வொரு குழுவாக எடுத்து மனிதரோடு பழக விட்டார்கள். 14 வாரம் வரை மனிதரையே பார்க்காத குட்டிகள் காட்டு விலங்கைப் போல மிரண்டன. பிறகு எவ்வளவு முயன்றும் அவை இயல்பாகப் பழகவில்லை.

இந்தக் கதையில் மலேசியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆர்வில் எலியட் என்ற மானுடவியலாளர் 1963இல் நம் தீபகற்பத்தின் உள்காட்டில் ஒராங் அஸ்லி மக்கள் வளர்த்த சிறிய நாய்களைக் கண்டு, ஒரு சோடியை ஸ்காட்டின் ஆய்வுக்கு அனுப்பினார். தெலோம் ஆற்றின் பெயரால் அவற்றுக்குத் 'தெலோமியன்' என்று பெயர் வந்தது. அந்த மக்களின் உயரமான கால்வீடுகளுக்கு ஏணியில் ஏறிப்போகும் நாய்கள் அவை. மனிதரோடு ஒரே வீட்டில், ஒரே அடுப்பங்கரையில் குட்டியிலிருந்தே வளர்ந்தவை.

குட்டியின் 3ஆம் வாரத்திலிருந்து சுமார் 14ஆம் வாரம் வரை அதன் மூளையில் ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தக் காலத்தில் பார்த்த மனிதர், கேட்ட ஓசை, மிதித்த தரை எல்லாம் 'பயப்பட வேண்டாதவை' என்று பதிவாகும். பிறகு கதவு மெல்ல மூடிக்கொள்ளும். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது' என்பார்கள். நாய்க்கு அந்த ஐந்தை வாரக் கணக்கில் எண்ண வேண்டும். வளர்ந்த நாயும் புதிய பாடம் கற்கும். ஆனால் பயத்தை மறப்பது அதற்கு மிகக் கடினம்.

தடுப்பூசியா, பழக்கமா?

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. பார்வோ வைரஸ் போன்ற கொடிய நோய்களுக்கான தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், 16 வாரம் வரை தொடரும். அது முடியும்வரை குட்டியை வெளியே விடாதே என்றால், அதற்குள் கதவு மூடிவிடும்.

அமெரிக்காவின் விலங்கு நடத்தைக்கான கால்நடை மருத்துவர் சங்கம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கழிந்து, பூச்சி மருந்தும் கொடுத்த பிறகு, 7 அல்லது 8 வாரக் குட்டியைச் சுத்தமான இடங்களில் பழக்கத் தொடங்கலாம். 3 வயதுக்குட்பட்ட நாய்களின் சாவுக்கு முதல் காரணம் தொற்றுநோய் அல்ல, நடத்தைச் சிக்கல்தான் என்றும் அச்சங்கம் கூறுகிறது. சொன்ன பேச்சைக் கேட்காத நாய் கைவிடப்படுகிறது, கைவிடப்பட்ட நாய் செத்துப்போகிறது என்பதே அதன் பொருள்.

நம் ஊரில் இதைச் செய்வது எளிது. குட்டியைத் தெருவில் இறக்க வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு ஐந்தடிக்கு வெளியே நில்லுங்கள். மோட்டார் சைக்கிள், படகு இயந்திரம், பள்ளிப் பிள்ளைகள், கோயில் மேளம், மழைக்கோட்டு அணிந்தவர், தொழுகை அழைப்பு என எல்லாவற்றையும் அது தொலைவிலிருந்து பார்க்கட்டும், கேட்கட்டும். தெருநாய்கள் அசுத்தம் செய்யும் இடங்களில் மட்டும் அதன் கால் படக்கூடாது.

கடிப்பதும் கிழிப்பதும்

குட்டிக்கு 28 பால்பற்கள். சுமார் 3 முதல் 4 மாதத்தில் அவை விழத் தொடங்கும். 6 அல்லது 7 மாதத்திற்குள் 42 நிலையான பற்கள் வந்துவிடும். அந்த மாதங்களில் ஈறு வலிக்கும், அரிக்கும். கையில் கிடைக்கும் சிலிப்பர், மேசைக்கால், வயர் எல்லாம் அதற்கு மருந்து. கடிக்காதே என்றால் அதற்குப் புரியாது. எதைக் கடிக்கலாம் என்று காட்டினால் புரியும். நனைத்துக் குளிரூட்டிய பழைய துண்டு, கெட்டியான ரப்பர் பொம்மை போதும். சமைத்த கோழி எலும்பு கூடாது. அது கூரிய சில்லுகளாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

விளையாடும்போது கையைக் கடித்தால் கத்தவோ தட்டவோ வேண்டாம். விளையாட்டை அங்கேயே நிறுத்தி, 20 நொடி திரும்பி நில்லுங்கள். 'பல் பட்டால் ஆட்டம் முடிந்தது' என்பதை அது மெல்லக் கற்றுக்கொள்ளும்.

பரிசின் நேரம்

1898இல் எட்வர்ட் தார்ண்டைக் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துச் சோதித்தார். நல்ல பலன் தந்த செயல் மீண்டும் மீண்டும் நிகழும் என்பது அவர் கண்ட விதி. நாய்க்கும் இதுவே அடிப்படை. ஆனால் பலன் ஓரிரு நொடிக்குள் கிடைக்க வேண்டும். குட்டி உட்கார்ந்ததும் பரிசு கொடுத்தால் அது உட்காருவதைக் கற்கும். நீங்கள் டப்பாவைத் தேடி வருவதற்குள் அது எழுந்து குரைத்திருந்தால், குரைப்புக்குத்தான் பரிசு போய்ச் சேரும்.

பரிசுக்குக் கடைச் சரக்கு வேண்டியதில்லை. உப்புப் போடாமல் அவித்த பச்சை மீனோ கோழி இறைச்சியோ மிளகளவு போதும். கருவாடும் உப்பிட்ட நெத்திலியும் கூடாது. அதிக உப்பு நாய்க்கு வாந்தி, நடுக்கம், வலிப்பு வரை கொண்டுபோகும். வெங்காயம், திராட்சை, சாக்லேட்டும் நஞ்சு.

தண்டனையின் நேரமும் இப்படித்தான் தவறிப்போகிறது. கிழிந்த பையை மாலையில் காட்டி அடித்தால், காலையில் செய்ததோடு அந்த அடியை நாய் இணைத்துப் பார்க்காது. 'அதற்குத் தெரியும், முகத்தைப் பாருங்கள், குற்ற உணர்ச்சி' என்போம். அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. தவறே செய்யாத நாயும், உரிமையாளர் திட்டியபோது அதே முகத்தைக் காட்டியது. அது நம் கோபத்தைக் கண்ட பயம்.

முதல் சறுக்கல்: விளக்கு அணையும் முன்

சாப்பாட்டு மேசையருகில் குட்டி குரைக்கிறது. இனி ஒன்றும் போடுவதில்லை என்று முடிவு செய்கிறீர்கள். இரண்டாம் நாள் அது இன்னும் உரக்கக் குரைக்கிறது, காலைப் பிறாண்டுகிறது. பயிற்சி தோற்றுவிட்டதாகத் தோன்றும்.

உண்மையில் பயிற்சி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. வழக்கமாகக் கிடைத்த பலன் நின்றால், எந்த விலங்கும் கைவிடும் முன் முழு மூச்சோடு ஒருமுறை முயன்று பார்க்கும். மின்தூக்கி வராவிட்டால் நாமும் பொத்தானைப் பத்துமுறை அழுத்துகிறோம். அணையப்போகும் விளக்கு பிரகாசமாக எரிவதைப் போன்றது இது.

அந்த நேரத்தில் பாட்டி மனமிரங்கி ஒரு துண்டு போட்டால் எல்லாம் பாழ். எப்போதாவது கிடைக்கும் பலன்தான் பழக்கத்தை மிகக் கெட்டியாக்கும் என்பதைப் புறாக்களை வைத்து ஸ்கின்னர் காட்டினார். 'இன்னும் உரக்கக் குரைத்தால் கிடைக்கும்' என்பதே குட்டி கற்ற பாடமாகிவிடும். ஆகவே முதல் பயிற்சி குடும்பத்துக்கு. எல்லாருக்கும் ஒரே விதி, ஒரே சொல். அப்பா 'உட்கார்', பிள்ளை 'சிட்', பாட்டி 'குந்து' என்றால் குட்டி என்ன செய்யும்?

குளியல், நகம், உண்ணி

பராமரிப்பும் ஒரு பயிற்சிதான். பாதம், காது, வாய், வால் ஆகியவற்றைத் தினமும் ஒரு நிமிடம் தொட்டு, உடனே சிறு பரிசு கொடுங்கள். நகவெட்டியை முதல் வாரம் காட்டுங்கள், போதும். அடுத்த வாரம் ஒரு நகம். நகத்துக்குள் இரத்தநாளம் ஓடுவதால் நுனியை மட்டும் வெட்ட வேண்டும். முதல்முறை இரத்தம் வந்தால், பிறகு ஒவ்வொரு முறையும் போராட்டம்தான்.

மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை உள்ளது. நாயின் தோல் நடுநிலைக்கு அருகில் இருக்கும். ஆகவே நம் ஷாம்பு அதற்கு ஒத்துவராது. ஆற்றுச் சேற்றிலோ கடலிலோ புரண்டு வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, காதையும் விரலிடுக்கையும் உலர்த்துங்கள். நம் ஈரப்பதத்தில் அங்கேதான் பூஞ்சை வளரும். வெயிலுக்கு இதம் என்று அடர்ந்த இரட்டை உரோமத்தை மழிக்க வேண்டாம். அது வெயிலையும் தடுக்கிறது. நாய் முக்கியமாக மூச்சிரைத்துத்தான் உடலைக் குளிர்விக்கிறது. நண்பகலில் தார்ச்சாலை நடை வேண்டாம்.

நம் ஊர் நாய்களில் காணும் பழுப்பு உண்ணி இரத்த அணுக்களைத் தாக்கும் கிருமிகளைப் பரப்பும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உண்ணியை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் பூசுவதும் நெருப்பு வைப்பதும் குட்டியைப் புண்ணாக்கும். நாய்க்கான சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் உண்டு. அது பூனைக்குக் கொடிய நஞ்சு. வீட்டில் பூனை இருந்தால் கால்நடை மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள்.

இரண்டாம் சறுக்கல்: எட்டாம் மாதம்

எல்லாம் கற்று நன்றாக இருந்த நாய், எட்டு மாதத்தில் திடீரென்று கூப்பிட்டால் வராது. லூசி ஆஷர் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், 5 மாதத்தில் நன்றாகக் கேட்ட நாய்கள் 8 மாதத்தில் தங்களை வளர்ப்பவரின் கட்டளையை அதிகம் அலட்சியம் செய்தன. அந்நியர் சொன்னால் கேட்டன. ஓராண்டு ஆகும்போது பெரும்பாலானவை சரியாகிவிட்டன. வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை இருப்பவர்களுக்கு இது புதிதல்ல.

இந்த மாதங்களில் பழைய எளிய பாடத்துக்குத் திரும்புங்கள். வெளியே செல்லும்போது கயிறு கட்டாயம். கருத்தடை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அண்டை வீட்டாரும் வெறிநாய்க்கடியும்

நாயின் உமிழ்நீர் பட்டால் முஸ்லிம் அண்டை வீட்டார் சமய முறைப்படி கழுவ வேண்டியிருக்கும். ஆகவே தாவாமல், நக்காமல், வேலிக்குள் இருக்கப் பழக்குவது கம்பத்து வாழ்வில் அடிப்படை மரியாதை.

2015இல் வெறிநாய்க்கடி நோய் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் தலைகாட்டியது. கைவிடப்பட்ட ஒவ்வொரு குட்டியும் தடுப்பூசி இல்லாத ஒரு தெருநாய். உங்கள் குட்டிக்கு 3 மாதமானதும் இந்தத் தடுப்பூசியைப் போடுங்கள். உரிமமும் எடுங்கள். யாரையாவது நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செய்து பாருங்கள்

மாணவர்கள் ஒரு பழைய நோட்டில் இரண்டு வாரம் இதைப் பதியலாம். குட்டி மேசையருகில் ஒரு நாளில் எத்தனை முறை குரைத்தது, யார் என்ன செய்தார்கள் என்று தினமும் எழுதுங்கள். பிறகு வரைபடம் போடுங்கள். கோடு முதலில் மேலே போய்ப் பிறகு இறங்கினால், குடும்பம் விதியைக் காப்பாற்றியிருக்கிறது. இறங்கிய கோடு ஒரே நாளில் குத்தென எழுந்தால், அந்த நாளில் யாரோ ஒரு துண்டு போட்டிருக்கக்கூடும். பாட்டியிடம் கேளுங்கள்.