13 ரூபாயும் ஒரு பெயரடையும்



பெங்களூரில் ஆங்கில நாளேட்டில் சேர்ந்த கையோடு வசைச் சொற்களை வாரி இறைக்கும் இளம் நிருபர்கள் உண்டு. சாலை 'பத்தெட்டிக்', கால்வாய் 'வெரி அப்பாலிங்'. 'கொஞ்சம் படுமோசம்' என்று தமிழில் யாராவது எழுதுவார்களா? 'அப்பாலிங்'கிலும் உச்சம் உள்ளேயே இருக்கிறது. முன்னால் 'வெரி' ஒட்டாது. வேண்டுமானால் 'ஆப்ஸொலூட்லி' ஒட்டும்.

பெங்களூர் கிளப்பில் ஒரு பழைய பதிவேட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 1899 ஜூன் 1ஆம் தேதிக் குறிப்பில் லெப்டினன்ட் டபிள்யூ. எல். எஸ். சர்ச்சில் பெயரில் 13 ரூபாய் பாக்கி. வகை: 'இர்ரெகவரபிள்'. வராக்கடன்! எழுதிய கை யாரையும் திட்டவில்லை. ஆனாலும் பின்னாளில் பிரிட்டன் பிரதமரானவரின் பெயரை விட்டு அந்தச் சொல் இன்னும் இறங்கவில்லை.

சர்ச்சிலுக்குச் சொல்லின் எடை தெரியாமல் இல்லை. 1896இல் இங்கே வந்து, கன்டோன்மென்ட் மதியங்களில் கிப்பனையும் மெக்காலேயையும் கரைத்துக் குடித்தவர். 1906இல் தென்னாப்பிரிக்கச் சீனக் கூலிகளின் ஒப்பந்தத்தை 'அடிமைத்தனம்' என்று அதன் முழுப் பொருளில் சொல்வது துல்லியம் தவறுவதாகும் என்று நாடாளுமன்றத்தில் நிதானித்தார். தம் கட்சியினரே தேர்தலில் முழங்கிய சொல் அது.

அதே மனிதர் 1931இல், காந்தி வைஸ்ராய் மாளிகைப் படியேறுவதை 'நாஸியேட்டிங்' (குமட்டுகிறது) என்றார். அது பேசியவரின் வயிற்றைப் பற்றிய தகவல். காந்தியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. கூடவே வீசிய பக்கிரிப் பட்டத்தை, 1944இல் எழுதிய கடிதத்தில் காந்தி பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். வசை போன இடம் தெரியவில்லை.

இனி, பெங்களூரின் பெல்லந்தூர் ஏரிக்கு வருவோம். 2015 மே மாதம் அதன் நுரை தீப்பிடித்தது. 2018 ஜனவரியில் தீயணைக்க ராணுவத்தினரே இறங்கினார்கள். 'டாக்ஸிக்' என்று எல்லோரும் எழுதினார்கள். அம்பில் தடவும் நஞ்சைக் குறித்த கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அது. 2018இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தபோது, உறவும் அலுவலகமும்கூட 'டாக்ஸிக்' ஆகியிருந்தன. சுத்திகரிக்காத கழிவுநீரையும் சலவைத்தூளையும் அடுத்த வரியிலேயே சொன்னால், தேய்ந்த சொல்லும் நிற்கும்.

இன்னொன்றும் உண்டு: 'நாய்ஸம்'. இரைச்சல் என்று நினைத்து வாகன நெரிசலுக்குப் போட்டுவிடுகிறார்கள் (தலைப்பில் வந்தால் மானம் போகும்). அதன் பொருள் குமட்டும் நாற்றம். பெல்லந்தூர் ஏரியின் இப்லூர் பக்கக் கரையில் காற்று திரும்பும் நேரம் நின்றவருக்கு அகராதி தேவைப்படாது.