ஆடித் தள்ளுபடிக்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

ஆடி பிறந்துவிட்டது. தஞ்சாவூர்க் கடைகளில் தள்ளுபடி பேனர் ஏறியிருக்கும். சம்பா நெல் போட்ட பணத்தில் அப்பா ஒரு லட்சம் ஒதுக்கியிருக்கிறார், எடிட்டிங்குக்கு எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். மாடல் பெயர் சொல்ல மாட்டேன். ஆவணிக்குள் அது மாறிவிடும். நான் ஏமாந்ததைச் சொல்கிறேன், அது மாறாது.

இரண்டு வருஷத்துக்கு முன் தை மாசம், தியாகராஜர் ஆராதனையில் பாட வந்த ஒரு குழுவுக்காக மூன்று கேமரா வைத்து பஞ்சரத்தினம் எடுத்தோம். அதற்கென்றே கேமிங் லேப்டாப் ஒன்று புதிதாக வாங்கியிருந்தேன். ரைசன் பிராசசர், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, கீபோர்டில் ஏழு வண்ண விளக்கு. நாட்டை, கௌளை எப்படியோ ஓடின. ஆரபிக்கு வந்ததும் மிருதங்கக்காரர் கை சத்தத்துக்குப் பின்னால் விழுகிறது. சிங்க் தப்பிவிட்டது என்று ஆடியோவை ஒரு ஃபிரேம், இரண்டு ஃபிரேம் என்று நகர்த்தினேன். 25 ஃபிரேம் டைம்லைனில் ஒரு ஃபிரேம் 40 மில்லி செகண்ட். ஒரு இடத்தில் சரியானால் அடுத்த சரணத்தில் மறுபடி பிசகும். விடியற்காலையில்தான் உறைத்தது: ஆடியோவில் தப்பே இல்லை. படம்தான் திணறித் திணறி ஃபிரேமை விட்டுவிட்டு ஓடியிருக்கிறது.

காரணம் இது. எங்கள் சோனி ஏ7 ஃபோர் ஹெச்.265-இல், 10 பிட் 4:2:2 என்ற வகையில் எழுதுகிறது. அந்த ஃபைலில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுசாக இருக்காது. ஒரு படத்தை முழுசாக வைத்துவிட்டு, அடுத்தடுத்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டே போகும். பார்ப்பதற்கு அதை அவிழ்த்தாக வேண்டும். மல்டிகேமில் மூன்றையும் ஒரே நேரத்தில் அவிழ்க்க வேண்டும். இந்த 4:2:2 முடிச்சை ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக்கு அவிழ்க்கத் தெரியாது, என் ரைசனுக்கும் தெரியாது. மூட்டை தூக்கும் பயில்வான்தான், ஆனால் சாக்குக் கயிற்றைப் பிரிக்கத் தெரியாதவன். இன்டெல் சிப்பில் 11ஆம் தலைமுறையிலிருந்து குவிக் சிங்க் என்ற பகுதி அதைச் செய்கிறது. ஆப்பிள் எம்1-இலிருந்து செய்கிறது. என்விடியா 50 வரிசையில்தான் கற்றுக்கொண்டது. மாமா சிங்கப்பூரிலிருந்து உனக்கு வாங்கி வந்த கேமராவும் அதே ரகம்தான், மெனுவில் பார்.

இன்னொரு கண்கட்டு: ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஸ்டிக்கர் ஒன்றுதான், ஆனால் லேப்டாப்பைப் பொறுத்து அதற்கு 35 வாட்டும் கொடுப்பார்கள், 115 வாட்டும் கொடுப்பார்கள். மெலிசாக, அழகாக இருப்பதில் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். எத்தனை வாட் என்று கேள். கடைப்பையன் முழித்தால் கம்பெனி வெப்சைட்டில் நீயே பார். சார்ஜரைப் பிடுங்கினால் இந்த மாதிரி கிராபிக்ஸ் கார்டின் பலம் வெகுவாகக் குறையும், மண்டபத்தில் கரண்ட் போகும் நேரத்தில் ரெண்டர் போடாதே. அக்னி நட்சத்திரத்தில் மாடி அறையில் வைத்து ஓட்டினால் 115 வாட்டும் மூச்சு வாங்கும்.

ஸ்கிரீனை யாரும் கேட்பதில்லை. '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தால் தொடாதே, '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' வேண்டும். அந்த வெளிறிய ஸ்கிரீனில் ஒரு கல்யாணத்துக்குக் கலர் பார்த்தேன். அரக்குப் பட்டு செங்கல் நிறத்தில் தெரிந்தது, அதனால் கலரை ஏற்றிக்கொண்டே போனேன். அவர்கள் வீட்டு டிவியில் போட்டபோது பெண்ணின் அம்மா கேட்டார், "ஏன் தம்பி, எல்லார் மூஞ்சியிலயும் குங்குமம் கொட்டுன மாதிரி இருக்கு?"

ரேம் 16 ஜிபியில் தொடங்கலாம், ஆனால் பின்னால் 32 ஆக்க ஸ்லாட் இருக்க வேண்டும். போர்டிலேயே ஒட்டிய ரேம் வேண்டாம். எஸ்எஸ்டி கணக்கு சுலபம்: 100 மெகாபிட்டில் எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, தலைக்கு ஆறு மணி நேரம் என்றால் ஒரு கல்யாணம் 540 ஜிபி. 512 ஜிபி டிரைவில் மாப்பிள்ளை அழைப்பு ஏறும், தாலி கட்டு வெளியே நிற்கும்.

ஒரு லட்சத்தில் எல்லாம் கிடைக்காது. எதை விடுவது என்றால் கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கு, ஸ்கிரீனில் இறங்காதே. திணறினால் ராத்திரி ப்ராக்ஸி, அதாவது ஃபைல்களுக்குச் சின்ன நகல், போட்டுவிட்டுத் தூங்கு, காலையில் சின்ன ஃபைலில் வெட்டலாம். அன்றைய பஞ்சரத்தினத்தைக் கடைசியில் அப்படித்தான் முடித்தேன். புது மெஷினே தேவைப்பட்டிருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆடிப்பெருக்கன்று புஷ்ய மண்டபத் துறைக்குக் கேமராவோடு போ. காவிரியில் தண்ணீர், படிக்கட்டு நிறைய கூட்டம், காதோலை கருகமணி மிதக்கும். பத்து நிமிஷம் எடு. எடுக்கும் வகையை மாற்றாதே, கல்யாணத்துக்கு வைப்பதே இருக்கட்டும். அதைப் பென் டிரைவில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போய், வாங்கப்போகும் லேப்டாப்பில் காப்பி செய்து, எடிட்டிங் சாஃப்ட்வேரில் மூன்று அடுக்காக வைத்து ஓட்டிக் காட்டச் சொல். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, உனக்கும் எனக்கும் நேரம் இருக்கிறது. கூப்பிட்டால் வருகிறேன், ஆனால் ஆவணி முதல் வாரம் என்றால் முடியாது, மூன்று கல்யாணம் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்
திருவையாறு