பங்குனிப் பணம் ஆனி வரை வரவேண்டும்

குருவிகுளம் வட்டாரத்தில் அறக்கட்டளைகள் நடத்தும் சிறு பள்ளிகளின் தாளாளர்களுக்கும் கணக்கர்களுக்கும்:

மக்காச்சோளம் களத்தைவிட்டுப் போய்விட்டது. பருத்தியும் மிளகாயும் விலையாகிக்கொண்டிருக்கின்றன. மானாவாரிக் கரிசலில் வீடுகளில் காசு புழங்கும் காலம் இது; ஃபீஸ் பாக்கியும் இப்போதுதான் வந்து சேரும். ஏப்ரல் கடைசியில் வரவு நின்றுவிடும், சம்பளம் நிற்காது. மே மாதம் பள்ளி வாகன ஆய்வுச் செலவும் வரும். அதனால் ஏப்ரல், மே, ஜூன் சம்பளத்தை இப்போதே தனி வங்கிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள்.

ஆண்டு வரவைப் பன்னிரண்டால் வகுத்து பட்ஜெட் போடுவது நம் ஊருக்குப் பொருந்தாது. நீளத் தாளில் மாதத்துக்கு ஒரு கட்டம் போட்டு, கைக்கு வருவதையும் போவதையும் எழுதுங்கள். புரட்டாசி, ஐப்பசியில் பெற்றோரின் காசெல்லாம் விதைக்கும் உரத்துக்கும் போய்விடும் என்பது அதில் தெரியவேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு அரசு தரும் தொகையை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். 2025-ல் அந்தச் சேர்க்கை தொடங்கியதே அக்டோபரில்தான்.

நான் முன்பு கணக்கு எழுதிய பள்ளியில் ஒருநாள் ரசீது புத்தகம் தீர்ந்துபோயிருந்தது. ஒரு தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்த நாலாயிரம் ரூபாயைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துவைத்தேன். தாள் தொலைந்தது. ஜூனில் அந்தப் பிள்ளையைப் பாக்கிப் பட்டியலில் சேர்த்து வகுப்பில் எழுப்பி நிறுத்தினார்கள். மறுநாள் அந்த அம்மா அலுவலக வாசலில் வந்து நின்ற முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள்.

வசூலான பணம் முழுவதும் மறுநாள் வங்கிக்குப் போகட்டும். அதிலிருந்து எடுத்துச் செலவு செய்ய வேண்டாம். பணம் வாங்குபவரே பாஸ்புக்கை ஒத்துப்பார்க்கக் கூடாது. ஆள் இல்லையென்றால் மூத்த ஆசிரியை ஒருவர் மாதம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அறக்கட்டளையின் செலவாக அது ஏற்கப்படாது. மார்ச் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். தொகையை ஏப்ரல் 15-க்குள் கட்டிவிடுங்கள்.

மார்ச் 31 மாலை பெட்டியில் உள்ள ரொக்கத்தை 500, 100, சில்லறை என்று பிரித்து எண்ணி, இருவர் கையெழுத்திட்டு, அந்தத் தாளை ரொக்கப் பதிவேட்டில் ஒட்டுங்கள். புது ரசீது புத்தகங்களுக்கு இந்த வாரமே அச்சகத்தில் சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 1 காலையில் அவை மேசைமேல் இருக்க வேண்டும்.