பொருளியற் செய்தியாளர்

நாள்தோறும் வைகறையில் நம் இல்லத்து வாயிலில் செய்தித்தாள் வந்து விழுகின்றது. அதனை எடுத்தவுடன் அரசியற் செய்திகளை நாடுவோர் பலர். விளையாட்டுச் செய்திகளை நாடுவோர் மிகப் பலர். எண்களும் அட்டவணைகளும் நிறைந்த வாணிகப் பக்கத்தை மட்டும் பெரும்பாலோர் புரட்டிவிட்டுச் செல்வர். ஆயினும், நம் வீட்டு அரிசியின் விலை, தந்தையார் வங்கியில் இட்டு வைத்த சேமிப்பு, தொழிலாளியின் கூலி ஆகிய இவற்றின் கதையெல்லாம் அப்பக்கத்திலேதான் எழுதப்படுகின்றது. அதனை எழுதுபவரே பொருளியற் செய்தியாளர் ஆவார். அவர்தம் பணியின் இயல்பையும் அருமையையும் இப்பாடத்தில் காண்போம்.

இந்தியாவில் 2017 ஆம் ஆண்டு முதல் மைய அரசின் வரவு செலவுத் திட்டம் பிப்ரவரித் திங்கள் முதல் நாளில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பெறும் வழக்கம் தொடங்கிற்று. அன்று நிதியமைச்சர் உரையாற்றி முடிந்தவுடன், நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஏடுகள் வெளியாகின்றன. அவற்றுள் மக்களைத் தாக்குவது யாது, வெறுஞ்சொல்லாய் நிற்பது யாது எனப் பிரித்தறிந்து, இரவு அச்சுக்குச் செல்லுமுன் எழுதி முடித்தல் வேண்டும். ரிசர்வ் வங்கி வட்டி வீதத்தை அறிவிக்கும்பொழுதும், மாதந்தோறும் விலைவாசிக் குறியீட்டெண் வெளிவரும்பொழுதும் அவர்க்கு ஓய்வில்லை. அறிக்கைகளைப் படித்தல் ஒரு பாதி. அங்காடி, வங்கி, ஆலை, வயல் என நேரிற் சென்று, அறிக்கை கூறுவது மெய்தானா எனக் காணுதல் மற்றொரு பாதி.

எண்களைக் கையாள்வதில் அவர்க்கு மிக்க விழிப்பு வேண்டும். ஓர் எடுத்துக்காட்டால் இதனை அறியலாம். 100 ரூபாய் விற்ற பொருள் மறு ஆண்டில் 110 ரூபாயும், அதற்கடுத்த ஆண்டில் 115 ரூபாய் 50 காசும் விற்றதாகக் கொள்வோம். முதலாண்டில் விலை நூற்றுக்குப் பத்து உயர்ந்தது. இரண்டாம் ஆண்டில் நூற்றுக்கு ஐந்து உயர்ந்தது. பணவீக்கம் பாதியாகக் குறைந்தது என்று எழுதின் அது மெய்யே. விலை குறைந்தது என்று எழுதினாலோ அது முழுப் பொய்யாகும். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை ஒரு சொல்லளவே. எனினும், அச்சொல்லை மாற்றி எழுதினால், கடைத்தெருவிற்குச் செல்லும் இல்லத்தரசி செய்தித்தாளை நம்பமாட்டாள்.

இனி, பிழைபட்ட செய்தியால் விளையும் தீங்கையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வங்கி ஒன்று நலிந்தது என்று பொய்ச் செய்தி பரவுமாயின், பணம் இட்டவர் அனைவரும் ஒரே நாளில் அதனைத் திரும்பப் பெற விரைவர். வங்கி தான் பெற்ற பணத்தின் பெரும்பகுதியைக் கடனாக வழங்கியிருக்கும் ஆதலின், நல்ல வங்கியும் அந்நாளில் தடுமாறும். ஆகவே ஐயத்தை உண்மையென எழுதுதல் பெருங்கேடு. உண்மையை அறிந்தும் அஞ்சி எழுதாது விடுதலும் அத்தகையதே. இவ்விரு கேடுகளுக்கும் இடையே நடப்பதே இத்தொழிலின் அருமை. 1992 ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இதனை நன்கு விளக்கும்.

அக்காலத்தில் பம்பாய் என வழங்கிய மும்பையில், டைம்ஸ் ஆப் இந்தியா என்னும் பெரிய நாளேட்டில் சுசேதா தலால் அம்மையார் செய்தியாளராகப் பணியாற்றினார். அப்பொழுது பம்பாய்ப் பங்குச் சந்தையில் விலைகள் வியக்கத்தக்க வகையில் ஏறிக்கொண்டிருந்தன. 1991 ஆம் ஆண்டின் இறுதியில் 2,000க்கும் கீழே நின்ற சந்தைக் குறியீட்டெண், 1992 ஏப்ரல் 22 ஆம் நாளில் 4,467 ஆயிற்று. இவ்வேற்றத்திற்கு முன்னின்ற அர்ஷத் மேத்தா என்னும் தரகரைச் சந்தையினர் 'பெரிய காளை' எனப் புகழ்ந்தனர். எளிய மக்களும் தம் சேமிப்பைக் கொணர்ந்து பங்குகளில் இட்டனர். இத்துணைப் பணம் அவர்க்கு எங்கிருந்து வருகின்றது என்று வினவியோர் மிகச் சிலரே.

அவ்வினாவிற்குரிய விடை வங்கிகளில் இருந்தது. வங்கிகள் தாம் பெற்ற வைப்புப் பணத்தில் ஒரு பகுதியை அரசாங்கக் கடன் பத்திரங்களாக வைத்திருத்தல் வேண்டும் என்பது சட்டம். பத்திரம் குறைந்த வங்கி வேறொரு வங்கியிடமிருந்து வாங்குவதும், சில நாள் கழித்துத் திரும்ப விற்பதும் வழக்கமாயிருந்தன. தரகர் இடைநின்று இவற்றை முடித்து வைத்தார். பத்திரம் கைமாறாமல், அதற்கு ஈடாக வங்கி ரசீது மட்டுமே கைமாறியதும் உண்டு. காலப்போக்கில், ஒரு வங்கி மற்றொரு வங்கிக்கு எழுதிய காசோலைகள் தரகரின் கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டன. பத்திரமே இல்லாத ரசீதுகளும் எழுதப்பட்டன. அப்பணம் பங்குச் சந்தைக்குப் பாய்ந்தது. வங்கியில் பணம் இட்ட மக்களுக்கு இஃது ஒன்றும் தெரியாது.

1992 ஏப்ரல் 23 ஆம் நாளன்று சுசேதா தலால் அம்மையாரின் செய்தி வெளிவந்தது. பாரத ஸ்டேட் வங்கியில் ஏறத்தாழ 500 கோடி ரூபாய் கணக்கில் இடிக்கின்றது என்பதும், அதனை ஈடுசெய்யுமாறு பெருந்தரகர் ஒருவரை வங்கி கேட்டுள்ளது என்பதும் அச்செய்தியின் சாரம். அத்தரகரின் இயற்பெயரை அது கூறவில்லை. சந்தையில் வழங்கிய பட்டப்பெயராலேயே சுட்டியது.

அச்செய்தியின் பின் உண்மைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிப்பட்டன. ஏப்ரல் 28 ஆம் நாளில் மட்டும் சந்தைக் குறியீட்டெண் 570 புள்ளிகள் வீழ்ந்தது. ரிசர்வ் வங்கி, சானகிராமன் அவர்கள் தலைமையில் குழு ஒன்றை அமைத்து ஆராய்ந்தது. சிக்கிய தொகை 4,000 கோடி ரூபாய்க்கும் மிகுதி என அக்குழு கண்டது. நாடாளுமன்றக் கூட்டுக் குழு அமைந்தது. இக்குற்றங்களை உசாவத் தனி நீதிமன்றமும் ஏற்பட்டது. அத்தரகர் சிறைப்பட்டார், 2001 ஆம் ஆண்டின் இறுதி நாளில் காவலில் இருக்கையிலேயே உயிர் நீத்தார். சுசேதா தலால் அம்மையார்க்கு 2006 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

பங்கு விலை வீழ்ந்தமையால் எளியோர் பலர் பொருளிழந்தனர். அச்செய்தி வெளிவராதிருந்தால் அவர் இழந்திரார் அன்றோ எனச் சிலர் எண்ணக்கூடும். அது பொருந்தாது. அடித்தளம் இன்றி எழுப்பிய மாளிகை என்றேனும் வீழ்ந்தே தீரும். உயரம் மிகமிக, அதன்கீழ் நசுங்குவோர் தொகையும் மிகும். காலந்தாழ்த்தியிருந்தால், இன்னும் எத்துணையோ குடும்பங்கள் தம் சேமிப்பைக் கொணர்ந்து அம்மாளிகையில் குடிபுகுந்திருக்கும்.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் அறியத்தக்கன யாவை? ஊரெல்லாம் ஒருவரைப் புகழும்பொழுதும், இப்பணம் எங்கிருந்து வந்தது என்று வினவும் துணிவு வேண்டும். விடை கிடைத்தபின், அதனைச் சான்றுகொண்டு தெளியும் பொறுமை வேண்டும். தெளிந்தபின், தெளிந்த அளவே எழுதும் அடக்கம் வேண்டும். இம்மூன்றும் உடையவரே நல்ல செய்தியாளர்.

மாணவர்களே! உங்களுள் சிலர் பிற்காலத்தில் செய்தியாளர் ஆகலாம். ஏனையோர் செய்தி படிப்போர் ஆவீர்கள். நாளை காலையில் செய்தித்தாளை எடுக்குங்கால், எண்கள் நிறைந்த அப்பக்கத்தைப் புரட்டிவிட்டுச் செல்லாதீர்கள். அங்குள்ள ஒவ்வோர் எண்ணின் பின்னும் யாரோ ஒருவருடைய உழைப்பும் சேமிப்பும் இருக்கின்றன என்பதை நினைந்து, சற்றே நின்று படியுங்கள்.