ஒப்பமிடுமுன் கேட்போம்

இடம்பெயர்ந்த நாள் முதல் நாம் பல காகிதங்களில் ஒப்பமிட்டிருக்கிறோம். நிவாரணத்துக்கு ஒன்று, தகரத்துக்கு ஒன்று, காணிக்கு ஒன்று. ஆகவே மனநல ஆய்வு என்று ஒருவர் படிவத்தை நீட்டினாலும், மறுத்தால் பெயரை வெட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் கைநாட்டு வைத்துவிடுகிறோம்.

ஆய்வுகள் தேவையானவையே. 1990 ஒக்டோபரில் மன்னார் தீவிலிருந்தும் வடக்கின் பிற இடங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பலர் புத்தளத்தில் தங்கினர். சுமார் இருபது ஆண்டுகளின் பின் அவர்களுள் 450 பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேருக்கு மனச்சோர்வு, பதகளிப்பு, மனப்பாரத்தால் வரும் உடல்நோவு போன்ற வருத்தங்கள் இருந்தன. வெளியே தெரிந்தால்தான் உதவி கேட்க முடியும்.

ஆனால் நல்ல நோக்கத்தோடு தரப்படும் உதவி எல்லோருக்கும் ஒரேபோல் பலிப்பதில்லை. போரால் பாதிக்கப்பட்ட வடபகுதிப் பாடசாலைகளில் 399 பிள்ளைகளுடன் நடந்த உளவளப் பயிற்சி ஆய்வு 2012இல் வெளியானது. சில பிள்ளைகள் நன்மை அடைந்தார்கள். பயிற்சி பெற்ற பெண்பிள்ளைகளிடமோ, பயிற்சிக்குக் காத்திருந்தவர்களைவிட அதிர்ச்சியின் அறிகுறிகள் மெதுவாகவே குறைந்தன.

புது விதைநெல் தந்தால் எத்தனை மாதப் பயிர், எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கேட்ட பிறகே கட்டுக்கரைக் குளத்து வயலில் விதைக்கிறோம். இங்கும் அப்படியே கேட்போம்:

1. இது சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால் நமக்கு நேரடியாகச் சுகம் கிடைக்காமலும் போகலாம்.

2. இதனால் நன்மை என்ன, தீங்கு என்ன? வேறு வழி உண்டா?

3. நாம் சொல்வதை யார் யார் அறிவார்கள்?

4. மறுத்தால் சிகிச்சையோ நிவாரணமோ நிற்குமா? நிற்கக்கூடாது. ஆய்விலிருந்து எந்நேரமும் விலகலாம் என்பதை உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கிப் பிரகடனத்திலேயே ஏற்றுக்கொண்டது.

சிகிச்சையிலும் நமக்குச் சொல் உண்டு. குளுசையால் கை நடுங்கினால், பகலெல்லாம் தூக்கம் வந்தால், வைத்தியரிடம் சொல்லி அளவை மாற்றக் கேட்கலாம். நாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

இன்னொன்று. கிளினிக்கில் வைத்தியர் கேட்கும் கேள்விக்கு, "இவனுக்கு என்ன விளங்கும்" என்று தாயோ தமையனோ முந்திக்கொண்டு பதில் சொல்வது நம்மிடம் உள்ள வழக்கம். மனவருத்தம் வந்தவருக்கு எல்லா நாளும் ஒன்றல்ல. கடுமையான நாளில் தீர்மானிக்க முடியாதவர் தெளிந்த நாளில் தீர்மானிக்கக்கூடும். அந்த நாளில் அவரிடமே கேட்டு எழுதிவைப்போம்: எந்த மருந்து ஒத்துவரவில்லை? வருத்தம் கூடினால் யாரைக் கூப்பிட வேண்டும்? யார் தனக்காகப் பேசலாம்?

கலந்துரையாட: நம் வீட்டில், நம் ஊரில் மனவருத்தம் உள்ளவரிடம் அவருடைய விருப்பத்தைக் கடைசியாக எப்போது கேட்டோம்?